தைத்து மூடிய பாக்கெட்

பிப்ரவரி 10, திங்கள்

அம்மா எதையோ மறைக்கிறாள்.

டிபன் பாக்ஸைக் கழுவ எடுத்தபோது அவள் பையின் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிரித்தது தப்புதான். ஆனால் துப்பறியும் கதைகளில் யாரும் அனுமதி கேட்டுக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. உள்ளே நீல நிறத்தில் ஒரு கோட்டு. முதுகில் வெள்ளை எழுத்தில் சூப்பர்வைசர் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது.

அம்மாவுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்றாம் லைனில், அதாவது மூன்றாவது மிஷின் வரிசையில், தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை இதையெல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். செக்கிங் பெண்களுக்குப் பச்சை ஏப்ரன். நீலக் கோட்டு, லைனை நடத்துகிற சூப்பர்வைசருக்கு மட்டும்தான். அம்மாவின் லைனுக்கு பூபதி என்று ஒருவர் இருக்கிறார்.

“இது யாரோடதும்மா?” என்று கேட்க வாயெடுத்தேன். பாதிக் கேள்விதான் வந்திருக்கும்.

“கம்பெனிக் கோட்டு. துவைச்சுட்டு வரச் சொன்னாக” என்றாள் அம்மா.

கேள்வி முடியும் முன்பே வந்துவிடுகிற பதிலை நம்பக் கூடாது. கிளை நூலகத்தில் நான் எடுத்துப் படித்த எல்லாப் புத்தகங்களிலும் இது உண்டு.

பிப்ரவரி 11, செவ்வாய்

கோட்டை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊறவைத்தாள். மாடிக் கொடியில் காயப்போடவும் இல்லை. எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் மாடியில் ஒரே கொடிதான். எந்த வீட்டில் யார் என்ன உடுத்துகிறார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கோட்டு மட்டும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மேலே ஒரு பழைய சேலை போர்த்தியிருந்தது.

அம்மா பால் வாங்கப் போனதும் சேலையை விலக்கி ஆராய்ந்தேன். கழுத்துப்பட்டையில் அழுக்கின் தடமே இல்லை. நேற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோதே அந்துருண்டை வாசனைதான் அடித்தது, வேர்வை வாசனை இல்லை. முக்கியமான தடயம் பாக்கெட். கோட்டு புதிதாக வரும்போது பாக்கெட்டின் வாய் தொங்கிவிடாமல் இருக்க ஒரு நூல் ஓட்டி மூடியிருப்பார்கள். போடுகிற முதல் நாளே அதைப் பிரித்துவிடுவோம். இந்தக் கோட்டில் அந்த நூல் அப்படியே இருக்கிறது. ஆனால் துணி புதிதல்ல. பல முறை துவைத்த துணி.

பலமுறை துவைத்திருக்கிறார்கள், ஒருமுறைகூட உழைத்ததில்லை. சாக்பீஸ், நூல் வெட்டும் கட்டர், பேனா எதையும் வைக்காமல் ஒரு சூப்பர்வைசர் எப்படி வேலை பார்ப்பார்?

நூலைப் பிரிக்கலாமா என்று நினைத்தேன். தடயத்தை அழிக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

என் முடிவு: அம்மாவுக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்துவிட்டது, சொல்லாமல் மறைக்கிறாள். காரணம் இன்று ராத்திரிச் சாப்பாட்டில் கிடைத்தது.

அப்பா வேறொரு கம்பெனியில் டைலர். சோற்றைப் பிசைந்துகொண்டே, “எங்க கம்பெனியில ஒரு பொம்பளைய சூப்பர்வைசராப் போட்டிருக்கான். ரெண்டு டைலரு அன்னைக்கே கணக்கு முடிச்சிட்டுப் போயிட்டான்” என்றார்.

“எதுக்குப்பா?”

“பின்னே? ஒரு பொம்பள வந்து ‘அண்ணே, தையல் வளையுது’ன்னா எவன் கேப்பான்?”

“தையல் வளைஞ்சிருந்தா?”

“வளைஞ்சிருந்தாலுந்தான்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். அவர் கேட்கவே இல்லை. தட்டு விளிம்பு வரை ஊற்றினாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

கோட்டு காலையில் பையில் ஏறியது. சாயங்காலம் அம்மா வந்த நடையே வேறு. செருப்பைக் கழற்றும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அம்மா பாடி நான் கேட்டது பொங்கலுக்குத்தான்.

“இன்னைக்கு லைன் நல்லா ஓடுச்சு ஏட்டி. பனியனுக்குக் கை ஏத்துற மிஷின்ல பீஸு தேங்கிக்கிட்டே கெடந்துச்சு. ஒரு ஆளை இங்குட்டு மாத்திப் போட்டேன், தண்ணி மாதிரி ஓடுது.”

“நீயா மாத்திப் போட்டே?”

“போட்டாக. பூபதி போட்டாரு.”

எழுதிக்கொள்கிறேன்: முதலில் ‘போட்டேன்.’ பிறகுதான் ‘போட்டாரு.’

கோட்டு மறுபடியும் கதவுக்குப் பின்னால். பாக்கெட் இன்னும் பிரிக்கப்படவில்லை. என் முடிவில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜமால் மாமா எங்கள் பக்கத்து வீடு. அம்மாவின் கம்பெனி வேனை ஓட்டுகிறார். காலையில் அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சும்மா பேச்சுக்கொடுப்பது போல, “எங்கம்மா சூப்பர்வைசர் ஆயிட்டாங்க, தெரியுமா மாமா?” என்றேன்.

துடைத்த இடத்தையே அவர் மறுபடி துடைத்தார்.

“அம்மா சொன்னாங்களா?”

“நானே கண்டுபிடிச்சேன்.”

“அப்ப மீதியையும் நீயே கண்டுபிடி தாயி.”

அவரை நான் விடவில்லை. வேனின் அந்தப் பக்கக் கண்ணாடியை நான் துடைத்துக்கொடுத்தேன். கடைசியில் சொன்னார்.

வெளிநாட்டில் பனியன் வாங்குகிறவர்கள் ஆடிட் என்று ஆள் அனுப்புவார்களாம். தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். பெண்களும் மேல் வேலையில் இருக்கிறார்களா என்றும் கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் எச்.ஆர். மேடம் பீரோவிலிருந்து நீலக் கோட்டை எடுத்து அம்மாவுக்குப் போட்டுவிடுவார். வந்தவர்கள் போனதும் அம்மா துவைத்துக் கொடுக்க, கோட்டு பீரோவுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை நடந்ததும் ஆடிட்தானாம்.

“பூபதி?”

“அவரை நான்தான் காலையில பேக்கரியில எறக்கி விடுவேன். டீயும் பப்ஸுமா உக்காந்திருப்பாரு. ஆடிட்டு கெளம்பினதும் கூட்டிட்டு வருவேன்.” பிறகு குரலைத் தணித்தார். “நான் சொன்னேன்னு சொல்லிறாத. ஆனா ஒண்ணு தாயி. அவரு பேக்கரியில இருக்கிற அன்னைக்குத்தான் அந்த லைன்ல சத்தமே இருக்காது.”

வீட்டுக்கு வந்து முக்கோணவியல் போட்டேன். ஒரு கணக்கும் வரவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேட்டுவிட்டேன். அம்மா அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். கையில் வேலை இருந்தால் அம்மா பேசுவாள்.

ஜமால் மாமா பேரைச் சொல்லவில்லை. சொல்லாமலேயே, “ஜமாலு வாயி வேன் கதவு மாதிரி, சாத்தவே சாத்தாது” என்றாள்.

“பூபதிக்கு யாரும்மா வேலை சொல்லிக்கொடுத்தது?”

“நாந்தான். ஹெல்ப்பரா வந்தான். எந்த மிஷினுக்கு அப்புறம் எந்த மிஷின்னுகூடத் தெரியாது. அக்கா அக்கான்னு பின்னாடியே வருவான். நல்ல பையந்தான்.”

“நீ டைலர் வேலைக்கு ஏன் போகலை? நல்லாத் தைப்பியே.”

“டைலர் வேலைதான் கேட்டு வந்தேன். பொம்பளைன்னா செக்கிங்னு அங்க உக்கார வச்சாக. ஆளு வராத அன்னைக்கு மட்டும் மிஷின்ல உக்காரச் சொல்வாக. வேலை டைலர் வேலை, சம்பளம் செக்கிங் சம்பளம்.” முற்றின தண்டை ஒடித்து ஓரமாகப் போட்டாள். “இப்ப அஞ்சாம் லைன் புதுசாப் போடப் போறாக. அதுக்கு சூப்பர்வைசர் வேணும். வாய்விட்டே கேட்டேன் ஏட்டி.”

அம்மா வாய்விட்டுக் கேட்டாள் என்பதை நான் நம்பவே இல்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட என்னைத்தான் கேட்கச் சொல்வாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஷிப்மென்ட் சமயத்துல நைட்டு நிக்கணும், முடியுமான்னாக. நிக்கிறேன்னேன். பொண்ணு பத்தாப்பு படிக்குதே, யாரு பாப்பான்னாக. அவளே அவளைப் பாத்துப்பான்னேன். பெறகு வீட்டுக்காரர் சம்மதம் வேணும்னாக.”

“பூபதி அண்ணனுக்கு அவர் வீட்ல சம்மதம் கேட்டாங்களா?”

அம்மா சிரித்துவிட்டாள்.

“அப்பாகிட்டக் கேட்டியா?”

கீரை ஆய்ந்து முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஆய்ந்துகொண்டே இருந்தாள். “கேக்கணும். நல்ல நேரமாப் பாத்துக் கேக்கணும். நீ வாயைத் தொறந்துறாத.”

அந்த வேலை அம்மாவுக்கு வேண்டும். வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கீரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தண்டோடு இலையையும் சேர்த்து எறிந்திருந்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் அப்பா கறி வாங்கி வந்தார். சாப்பிடும்போது நல்ல குஷியில் இருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நல்ல நேரம் இதுதான் என்று எனக்கும் தோன்றியது. அம்மா தொண்டையைச் செருமினாள்.

அதற்குள் அப்பா, “உங்க அஞ்சாம் லைனுக்கு வெளியூர்லருந்து ஒரு பையனைக் கொண்டாரானாம்ல?” என்றார்.

அம்மா செருமினதை அப்படியே விழுங்கினாள்.

ஐந்தாம் லைன் பற்றி அம்மா என்னிடம் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. பிறகு அவருக்கு எப்படித் தெரியும்? ஜமால் மாமாவா? அவரிடம் போய்க் கேட்டேன். “உங்கப்பாகிட்ட நான் பேசியே ரெண்டு வாரம் ஆச்சு தாயி” என்றார்.

டைலர்கள் டீக்கடையில் எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். அங்கேதான் கேள்விப்பட்டிருப்பார். அப்படித்தான் இருக்கும்.

அம்மா சாப்பிட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பிப்ரவரி 27, வியாழன்

சமூக அறிவியல் ரிவிஷன். ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியை விட்டுவிட்டேன். அப்பா பேனா வாங்கித் தந்தார். நல்ல பேனா.

மார்ச் 4, செவ்வாய்

புதிய சந்தேகம். கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

சாயங்காலம் எச்.ஆர். மேடம் அம்மாவுக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா வெங்காயம் நறுக்கினாள்.

“பேச்சிக்கா, அந்தக் கோட்ட எப்பங்க்கா கொண்டாறீங்க? பீரோவுல வெக்கோணும்.”

“இன்னும் காயலைங்க மேடம்.”

“அப்படீங்களா. செரி, காஞ்சதும் கொண்டாங்க.”

எச்.ஆர். மேடத்துக்குத் துணி துவைத்துப் பழக்கம் இல்லை போலிருக்கிறது. வெளியே அடிக்கிற வெயிலில் ஜமுக்காளமே அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

“அது எப்பவோ காஞ்சிருச்சே?” என்றேன்.

“உள்பக்கம் ஈரமா இருக்கு” என்றாள் அம்மா. போய்த் தொட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

கோட்டு அங்கேயே. மேலே இருந்த சேலையை அம்மா எடுத்துவிட்டாள். அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் சட்டை எடுக்கிறார். எதுவும் கேட்கவில்லை.

எதுவும் கேட்காமல் இருப்பதும் ஒரு தடயம்தானே?

மார்ச் 20, வியாழன்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் அதனால்தான்.

படிப்பதற்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். பதினொரு மணி போல ஜமால் மாமா வேனை வாசலிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

“மதி, அந்த நீலக் கோட்டு எங்க? குடு, சீக்கிரம் குடு. சொல்லாமக் கொள்ளாம ஆடிட்டு வந்திருச்சு. மேனேஜர் அவங்களுக்கு எளநீ குடுத்து உக்கார வச்சிருக்காரு. ஒரு எளநிய எவ்வளவு நேரம் குடிக்க முடியும்?”

கோட்டை ஆணியிலிருந்து எடுத்தேன். அவர் கையை நீட்டினார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இதைக் கொடுத்தால் அம்மா இன்று ஒருநாள் சூப்பர்வைசராக நிற்பாள். சாயங்காலம் கோட்டு பீரோவுக்குப் போகும், ஐந்தாம் லைன் அந்த வெளியூர்க்காரருக்குப் போகும்.

“நானே கொண்டுவந்து அம்மா கையில தரேன் மாமா.”

“நீயா? உன்னையெல்லாம் உள்ள...” என்று ஆரம்பித்தவர், மணியைப் பார்த்துவிட்டு, “ஏறு” என்றார்.

கம்பெனி கேட்டுக்குள் வேன் நுழைந்ததும் நான் கோட்டோடு இறங்கினேன். எச்.ஆர். மேடம் ஓடி வந்தார். கோட்டைத்தான் வாங்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஜமாலண்ணா, யாருங்க இது? வயசென்ன இந்தப் புள்ளைக்கு?”

“பேச்சிக்கா பொண்ணு. பத்தாப்பு.”

“அய்யோ, ஆடிட் அன்னிக்கு சின்னப் புள்ளையக் கொண்டாந்து உள்ள விட்டிருக்கீங்களே. கையில துணி வேற. அவங்க பாத்தா என்னன்னு நெனைப்பாங்க?” என்னிடம் திரும்பி, “கண்ணு, அதக் குடுத்துட்டு நீ வண்டியில ஏறு” என்றார்.

அவர் ஏன் இவ்வளவு பயப்படுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. (வரும் வழியில் ஜமால் மாமா சொன்னார். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்பதாக எழுதிவிட்டால் ஆர்டரே போய்விடுமாம்.) ஆனால் நான் அங்கே நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது புரிந்தது. அதனால் நின்றேன்.

“அம்மா வந்தா போறேன் மேடம்.”

அம்மா பச்சை ஏப்ரனோடு வந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, அல்லது படாதது போல இருந்தாள். கோட்டை வாங்கினாள். போட்டுக்கொள்ளவில்லை. முழங்கையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

“போடுங்க்கா, வந்துருவாங்க.”

“அஞ்சாம் லைன் எனக்குன்னு சார் சொல்லட்டுங்க மேடம். போட்டுக்கிறேன்.”

“இப்பப் போயி இதப் பேசறீங்களே. நானா குடுக்க மாட்டேங்கறேன்? உங்க வீட்டுக்காரருகிட்டக் கேட்டோமில்லீங்க. அவருதான் போன்ல வேண்டாம்னு சொன்னாரு.”

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“தெரியுங்க” என்றாள். “ஆடிட்டு அன்னைக்கு இதப் போட்டுக்கச் சொல்றீங்களே, அதுக்கு என்னைக்காவது அவரைக் கேட்டீங்களா?”

எச்.ஆர். மேடம் கழுத்தில் இருந்த ஐடி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கார்டில் அவருக்கு என்ன பதவி போட்டிருந்தது என்று தெரியவில்லை. அவரும் யாரிடமாவது எதையாவது கேட்டுப் பார்த்திருப்பாரோ என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

அப்போதுதான் ஆபீஸ் கதவு திறந்து மேனேஜரும் ஆடிட்டர் அம்மாவும் வந்தார்கள். ஆடிட்டர் கண்ணாடி போட்டவர், நரைத்த கிராப்பு. நேராக என்னிடம் வந்தார்.

“நீ இங்க வேலை செய்யறயாம்மா?”

மேனேஜர் முகத்தில் இளநீர் வேர்த்தது.

“இல்லைங்க மேடம். நான் படிக்கிறேன். அம்மாதான் இங்க வேலை செய்றாங்க.”

“இவங்களா? என்ன வேலை?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கழுத்துக் கயிற்றில் தொங்கிய கட்டரை எடுத்து, கோட்டு பாக்கெட்டின் வாயில் இருந்த நூலை, செக்கிங்கில் பிசிறு வெட்டுகிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

பொய் சொன்னால் கோட்டு பீரோவுக்குப் போகும். உண்மையைச் சொன்னால் அம்மாவின் வேலையே போகலாம்.

“அத சார்தான் சொல்லணும் மேடம்” என்றேன்.

ஆடிட்டர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“சூப்பர்வைசருங்க மேடம்” என்றார் மேனேஜர்.

“எந்த லைனுங்க சார்?” என்று கேட்டாள் அம்மா. ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரிந்து தொங்கிய நூலைப் பார்த்தார்.

“அஞ்சு” என்றார். “அஞ்சாம் லைன். புது லைன்.”

அம்மா பச்சை ஏப்ரனைக் கழற்றி மடித்து எச்.ஆர். மேடத்தின் கையில் கொடுத்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஆடிட்டர் அவளோடு பேசிக்கொண்டே உள்ளே போனார். போகும்போது அம்மாவின் போன் நம்பரைக் கேட்டுத் தன் போனில் போட்டுக்கொண்டார். கம்பெனி நம்பர் இல்லை, அம்மாவின் நம்பர்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் அம்மா கோட்டைப் பையில் வைக்கவில்லை. வீட்டிலேயே போட்டுக்கொண்டாள்.

அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “என்ன இது?” என்றார்.

“கோட்டு.”

“கம்பெனியில... ஒண்ணும் கேக்கலையா?”

“உங்களைத்தான் கேட்டாகளாமே. மறுபடி கேக்கலையாக்கும்?”

அப்பா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். செருப்பு வாசலில்தான் கிடந்தது. அதை நானும் சொல்லவில்லை.

டீக்கடை பற்றி பிப்ரவரி 23ஆம் தேதி நான் எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அப்பா வாங்கித் தந்த பேனாவால்தான் இதையும் எழுதுகிறேன்.

அம்மா பஸ் ஸ்டாப்பில் நிற்பதை மாடியிலிருந்து பார்த்தேன். கூட்டத்தில் முதுகு எழுத்து நன்றாகத் தெரிந்தது.

மார்ச் 22, சனி

சம்பளம் பழைய சம்பளம்தானாம். பூபதிக்குக் கொடுப்பதை அம்மாவுக்குக் கொடுக்க ‘மேலே கேட்க வேண்டுமாம்.’ புது லைனில் ஒரு டைலர் முதல் நாளே முறைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மிஷினில் அம்மாவே உட்கார்ந்து தைத்தாளாம். “வளையாமத் தச்சேன்” என்றாள். அப்பா காதில் விழுகிற மாதிரிதான் சொன்னாள்.

எனக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. ஒரு மாதமாகக் காயாத கோட்டு. அது பீரோவில் இருந்திருந்தால் யாரும் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்திருக்க வேண்டியதில்லை.

“அம்மா, சொல்லாம ஆடிட் வரும்னு உனக்கு முன்னாடியே...”

“உள்பக்கம் ஈரமா இருந்துச்சு ஏட்டி” என்றாள். நான் இன்னும் கேட்டு முடிக்கவே இல்லை.

துவைப்பதற்காக ஆணியிலிருந்து கோட்டை எடுத்தேன். கழுத்துப்பட்டையில் வேர்வைக் கறை. கோட்டின் கையில் மிஷின் எண்ணெய். பாக்கெட்டில் ஒரு துண்டு சாக்பீஸ், கட்டர், பாதி தின்ற கடலைமிட்டாய்.

“அதை வை” என்றாள் அம்மா. “திங்கக்கிழமை போடணும். நாளைக்கு நானே துவைச்சு மாடிக் கொடியில போடுறேன்.”